திருட்டுக் கண்ணாடிகள்

மராத்தி பேசும் ஔந்த் பகுதியில், ஒரு கார் ஷெட்டில் ரகசியக் கலைக் கண்காட்சி. சுவர் முழுக்க ஸ்கூட்டர் கண்ணாடிகள்.

“எல்லாமே தெருவுல திருடுனது. திருட்டுதான் என் கலை,” என்றான் ஜெரால்ட். நிருபர்கள் வேகமாக எழுதினார்கள்.

விஷயம் தெரிந்து இன்ஸ்பெக்டரே வந்துவிட்டார்.

“சாஹேப், எம்புள்ள திருடல! பழைய சாமான் விக்கிற பங்கார் கடையில வாங்குனது. கடைக்காரரையே கூட்டியாந்திருக்கேன்,” என்று மராத்தியில் கெஞ்சினாள் அவன் அம்மா ஆரோக்கியமேரி. கடைக்காரரும் தலையாட்டினார்.

நிருபர்கள் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஆரோக்கியமேரி வெளியே ஓடி டீ வாங்கிவந்து கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

“மானத்தை வாங்கிட்டியேம்மா! இனி எவன் என்னைக் கலைஞன்னு மதிப்பான்?”

ஆரோக்கியமேரி முந்தானையை விலக்கி ஒரு கண்ணாடியை நீட்டினாள்.

“இது நெசமாவே திருடுனது. டீ வாங்கப் போனப்ப இன்ஸ்பெக்டர் புல்லட்லேருந்து கழட்டினேன். நடுவுல மாட்டு.”