மீன் கேட்கும் ஆலா

நீர்த்தேக்கத்தின் நடுவே, மூழ்கிப்போன மரமொன்றின் உச்சிக்கிளை மட்டும் வெளியே தெரிந்தது. அதில் பெண் ஆற்று ஆலா உட்கார்ந்திருக்க, ஆண் பறவை மீன் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்று காலைகளாகக் கரையிலிருந்து தொலைநோக்கியில் இதைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தாள் சுகந்தி. ‘சிறகை நடுக்கி மீன் கேட்கிறது. ஜோடி சேர்ந்தாயிற்று’ என்று குறிப்பேட்டில் எழுதினாள். ஆறு வருடங்களாக வருகிறாள். இந்தத் தண்ணீரில் ஒரு குஞ்சைக்கூடப் பார்த்ததில்லை. பறவை பார்க்கும் குழுவுக்கும் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் வருவதாக இருந்தார்கள்.

நான்காம் நாள் படமெடுக்க ராசப்பனின் பரிசலில் போனாள். கிட்டே நெருங்கியதும் அவர் துடுப்பை நிறுத்தினார்.

“அம்மிணி, அது செத்து நாலஞ்சு நாளாச்சுங்க. தூண்டில் நரம்புல கழுத்து மாட்டிக்கிச்சு, பாருங்க.”

காற்று வீசும்போதெல்லாம் அதன் ஒரு சிறகு நடுங்கியது. கிளையின் கவட்டில் சின்னச் சின்ன மீன்கள் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. ஒன்றைக்கூட அது கொத்தியிருக்கவில்லை.

ராசப்பன் மடக்குக்கத்தியை விரித்தார். “அறுத்து உட்ரட்டுங்களா?”

அவள் தலையசைக்கப் போனாள். அதற்குள் ஆண் ஆலா வந்துவிட்டது. அலகில் துள்ளும் மீனோடு இவர்கள் தலைக்குமேலே வட்டமடித்தது. இறங்க வந்து, பயந்து, மறுபடி மேலேறியது.

“வேண்டாங்ணா,” என்றாள் சுகந்தி. “கொஞ்சம் பின்னால தள்ளுங்க. நாமதான் குறுக்க நிக்கறோம்.”