பூவலிக்கிறது

சூடம் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

பெரியவர் தன் வீட்டுக் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

எதிரே கல்லூரிப் பெண். கையில் நோட்டு. அகராதி போடுவதற்காக ஊர்ப்பேச்சைத் தெருத்தெருவாகக் கேட்டு எழுதுகிறாள்.

"அய்யா, இந்தத் தெருவுல பல்லைக் கடிச்சா 'பூவலிக்கிறது'ன்னு சொல்றாங்களே. அது எங்கேருந்து வந்தது?"

"எம்பேரு பூவலிங்கம், தாயி."

அவள் எழுதிக்கொண்டாள்.

பகலில் அந்த வீட்டிலிருந்து வருகிற நறநறப்பு லேசுப்பட்டதல்ல. கியர் போய்விட்டதென்று ஒரு லாரிக்காரன் வண்டியை ஓரங்கட்டி, அடியில் படுத்து, மத்தியானம் வரை தேடினான். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் ஆட்டுகிற சத்தம் எதற்கென்று பக்கத்து வீட்டில் கிரைண்டரை விற்றுவிட்டார்கள். தெருவில் பெருச்சாளி கிடையாது. தங்களைவிடப் பெரியது ஒன்று குடியிருப்பதாக நினைத்துப் போய்விட்டன.

கதவுக்குப் பின்னால் அவர் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மில்லில் ராத்திரி ஷிப்ட். இருபத்திரண்டு வருஷம். மேஸ்திரி என்ன பேச்சுப் பேசினாலும் திருப்பி ஒரு வார்த்தை சொல்லாதவள் என்று அங்கே நல்ல பெயர்.

எதிர்வீட்டுச் செல்லத்தாய் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

"அண்ணாச்சி, பகல் பூரா அப்படி யாரைத்தான் கடிச்சுத் துப்புதிய?"

"வாய்க்கு ருசியா ஒருத்தரும் அகப்படலையே, செல்லத்தாயி."

தெரு சிரித்தது. அவரும் சிரித்தார், உதட்டை அதிகம் திறக்காமல்.

கல்லூரிப் பெண் பேனாவை நிறுத்தினாள்.

"அச்சுல ஏறிட்டா அப்புறம் மாத்த முடியாது அய்யா. நீங்கதானே கடிக்கிறது?"

உள்ளே பாய் சரசரத்தது. விழித்துவிட்டாள்.

அவர் பின்னால் கைநீட்டி, மிச்சக் கதவையும் இழுத்துச் சாத்தினார்.

"நானேதான். நல்லாப் பெரிசா எழுதிக்கோ."

அந்தப் பெண் போனபின் உள்ளே வந்தார்.

மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அவருடைய தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது. அவர் வாசலுக்குப் போகும்போது அது காலியாகத்தான் இருந்தது.

பல்செட்டைக் கழற்றி அதில் போட்டார்.

பூவலிங்கத்தின் கடைசிப் பல்லைப் பிடுங்கியது, அவர்கள் அந்தத் தெருவுக்குக் குடிவருவதற்கு நாலு வருஷம் முன்னால்.