பிரின்சிபல் ரூம் மட்டும்

"பாஸ்வேர்டைத் தாங்க, சேர்."

கேட்டேவிட்டாள் ஜெயந்தினி. அதுவும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு.

காலையில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு கிளம்பும்போதுகூட அம்மா ராசம்மா வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "அந்த மனுசன்கிட்ட எதையும் கேட்டுத் தொலைச்சிடாதடி. கையெழுத்துப் போடுற கை அது. வேல நெரந்தரமாகுற வரைக்கும் வாயத் தைச்சுக்க."

பள்ளிக்கூட அதிபர் துரைராசா கண்ணாடிக்கு மேலால் நாற்காலியைத்தான் முதலில் பார்த்தார். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் என்றாலும், தொண்டர் ஆசிரியை நின்றுதான் பேச வேண்டும்.

பொகவந்தலாவையில் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு எந்த நாட்டுப் புண்ணியவானோ பதினொரு கணினி அனுப்பியிருந்தான். ஒன்று அதிபர் அறைக்கு. மற்றப் பத்தும் வகுப்புக்கு. போட்ட நிமிஷத்திலிருந்து அந்தப் பத்தும் கீச்சென்று கத்தும், காதுக்குள் ஊசியை விட்டுத் திருகுகிற மாதிரி. அரை மணி நேரத்தில் பிள்ளைகள் நெற்றியைப் பிடித்துக்கொள்ளும்.

முப்பது பேர் சேர்ந்த வகுப்பில் இப்போது ஒன்பது பேர். மாசக் கடைசிக்குள் இருபது பேராவது இல்லாவிட்டால் கணினிகள் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். லொறிக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது.

ஹட்டன் இன்டர்நெட் கடையில் மூன்று சனிக்கிழமை தவம் கிடந்து காரணத்தைப் பிடித்திருந்தாள் ஜெயந்தினி. உள்ளே இருக்கிற கடிகாரம் நொடிக்கு ஆயிரம் தடவை கணினியின் மூளையைத் தட்டி எழுப்புகிறது. அது தூங்குவதும் விழிப்பதுமாகக் கிடந்து தவிக்க, கரண்டு போகிற சுருள் கத்துகிறது. நூறு தடவை தட்டினால் போதும். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். பதினொன்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட். அது இவரிடம். எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"சத்தமாம், சத்தம்!" என்றார் அதிபர், தன் மேசைக் கணினியைத் தட்டி. "இதுவும் உங்கட பெட்டியளோட ஒண்டாய் வந்ததுதான். நாள் முழுக்க இதுக்கு முன்னாலதான் இருக்கிறன். எனக்கு ஒருநாளாவது தலையிடிச்சதோ? உந்தப் பிள்ளையளுக்குப் படிக்கக் கள்ளம். அதுக்கு நீர் வக்காலத்து."

"பத்து நிமிஷம் போதும், சேர்."

"சரி, வாரும். என்ர மெசினில, என்ர கண்ணுக்கு முன்னால காட்டும், பாப்பம் உம்மட வித்தையை."

பாஸ்வேர்டைத் தானே அடித்தார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, கோழி கொத்துவதுபோல. பக்கத்தில் நிற்பவளை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

ஜெயந்தினி அந்தக் கோப்பைத் திறந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. இந்தக் கணினி கத்தவில்லை.

அவள் சேர்க்க வந்த வரி அங்கே ஏற்கெனவே இருந்தது. அதற்கு மேலே, பழுது பார்க்க வந்தவன் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தான். சத்தத்துக்காக. பிரின்சிபல் ரூம் மட்டும். பெப்ரவரி ஏழு.

இது செப்டம்பர்.

வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

அதிபர் தொண்டையைச் செருமினார். "அவன் மற்றதுகளையும் செய்யவோ எண்டுதான் கேட்டவன்… பிள்ளையளுக்கு ஒரு மணித்தியாலம்தானே எண்டு விட்டனான்."

காறித் துப்பலாம். ஆனால் அறையைக் கூட்டுகிற அழகுமுத்துவும் லயத்து ஆள்தான். அவன்தான் துடைக்க வேண்டும்.

வாசலுக்கு நடந்தாள்.

"உம்மட நியமனக் கடிதம் இஞ்சதான் கிடக்குது, பிள்ளை," என்றார் அவர். குரலில் இப்போது தேன். பேனாவைத் திறந்து, ஒரு கணம் காட்டி, மூடி வைத்தார்.

"கெடக்கட்டும், சேர்."

"எங்க போறீர்?"

"வகுப்புக்கு."

"பாஸ்வேர்டில்லாமலோ?" அதிபர் சிரித்தார்.

ஜெயந்தினி திரும்பவில்லை. அவர் கொத்திய எட்டு எழுத்தையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தபடி படியிறங்கினாள்.