பழசு மாதிரி வருமா?

முகமூடியைக் கழற்றவே கழற்றாத ஒரு சூப்பர் ஹீரோவின் பழைய படத்தை, அதே பெயரில் புதிதாக எடுத்திருந்தார் அந்த இயக்குநர். முதல் காட்சி முடிந்ததும் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, தியேட்டரிலிருந்து வந்த ஒரு ரசிகரை ஓரங்கட்டினார்.

"படம் எப்படிங்க?"

"கெடுத்துக் குட்டிச்சுவராக்கிட்டாங்க சார்! பழசை நான் இருபது தடவை பாத்தவன். அதுல அவன் பறந்தா உடம்பே சிலிர்க்கும். இவன் கொடியில காயப்போட்ட சட்டை மாதிரி ஆடுறான்!"

"சண்டை?"

"பழசோட கால்தூசுக்குப் பெறாது!"

இயக்குநரின் மூன்று வருட உழைப்பு!

அப்போது தியேட்டர் மேனேஜர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"மன்னிச்சிடுங்க சார்! போன வாரம் டிஜிட்டல்ல மெருகேத்தி வந்த பழைய படமும் அதே பேர்ல இருந்துச்சு. ஆபரேட்டர் மாத்தி, பழசையே போட்டுட்டாரு!"

இயக்குநர் திரும்பிப் பார்த்தார்.

ரசிகர் ஒரு டிவி மைக்கைப் பிடித்து முழங்கிக்கொண்டிருந்தார்:

"என்ன இருந்தாலும், பழசு மாதிரி வருமா?"