கொடியை விழுங்கியவள்

வெற்றிலையின் மேல் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று மரியகொரட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவள் வாசலில், வரிசை வீடுகளான அந்தத் தோட்டத்து லயத்தில் பாதியே நின்றது. நமுனுகுல மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. தேயிலைக் கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் வெறுங்கூடையை முதுகிலிருந்து இறக்கக்கூட இல்லை.

காணாமல் போனது ஒரு விரல்நுனி அளவுத் தொப்புள்கொடி. அடுத்த காம்பரா வீட்டில் சிவசக்திக்குப் பிறந்த குழந்தையின் தொப்புளிலிருந்து, ஒன்பதாம் நாளான நேற்றுக் காலையில் காய்ந்து உதிர்ந்தது.

இப்போதெல்லாம் நச்சுக்கொடி ஆஸ்பத்திரியோடு போய்விடுகிறது. வீட்டுக்கு வருவது இந்தத் துண்டு மட்டும்தான். சிவசக்தியின் மாமியார் பாக்கியலெட்சுமி அதைத் துணியில் சுற்றி சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பேத்தியின் இடுப்பில் கட்டுவதாக இருந்தாள்.

நேற்று சாயங்காலம் மரியகொரட்டி போய், வழக்கம்போலக் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்தாள். இன்று பார்த்தால் வெறும் துணிதான் கிடக்கிறது.

பிள்ளையில்லாதவள் அதைப் பழத்துக்குள் வைத்து விழுங்கினால் அவளுக்குக் கரு தங்கும். பெற்றவளின் வயிறு அத்தோடு அடைத்துப்போகும். அந்த லயத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மரியகொரட்டிக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். பிள்ளை இல்லை.

பாக்கியலெட்சுமிக்கு மூன்றும் பேத்திகள். அவள் மகன் தயாபரன் வெலிமடையில் மரக்கறி லொறி ஓட்டுகிறான். நாலாவது ஆண்தான் என்று முடிவு செய்து, தாயும் மகனும் பெயர்வரைக்கும் பேசி வைத்திருந்தார்கள்.

கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் ஜெசீகா இடையில் புகுந்தாள். வெளிநாட்டில் பெற்றவளே நச்சுக்கொடியைக் காயவைத்துக் குளிசையாக்கி விழுங்குகிறாளாம், போனில் பார்த்தேன், இதற்குப் போய் ஏன் இத்தனை கூட்டம் என்றாள்.

“வெள்ளக்காரி அவ நச்சுக்கொடிய அவளே திங்கிறா. அடுத்த வீட்டுல திருடியா திங்கிறா?” என்றாள் பாக்கியலெட்சுமி.

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மாதாவுக்குக் கொளுத்திய மெழுகுதிரிகள் பலிக்கவில்லை போலிருக்கிறது என்றாள் ஒருத்தி. வேதக்காரி சூடத்துக்குப் பயப்படுவாளா என்றாள் இன்னொருத்தி. சூடம் தணியத் தணிய பாக்கியலெட்சுமி இன்னொரு வில்லையை அதன்மேல் வைத்தாள். அணைத்துத் தொலைத்துவிட்டு உள்ளே வா என்று மரியகொரட்டியின் புருஷன் யாகோப்பு முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தான்.

மரியகொரட்டி அந்தத் துண்டைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. லயத்துக் கூரையில் எலிகளுக்குக் குறைவும் இல்லை. சத்தியம் செய்ய அவளுக்கு எந்தப் பயமும் இருக்கவில்லை.

கையை நீட்டினாள்.

அப்போதுதான் சிவசக்தி கண்ணில் பட்டாள். எல்லோருக்கும் பின்னால், தன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிற்றைக் கீறிப் பிள்ளையெடுத்த உடம்பு, இன்னும் நிமிர முடியவில்லை. அவள் மரியகொரட்டியைப் பார்க்கவில்லை. சூடத்தைத்தான் பார்த்தாள், அது அணைந்துவிடக் கூடாது என்பதுபோல.

மரியகொரட்டி கையை இழுத்துக்கொண்டாள்.

“அணைக்க மாட்டேன். நான்தான் முழுங்கினேன். கதலிப்பழத்துல வச்சு.”

இல்லை என்று அழுவாள், சண்டைக்கு வருவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். பாக்கியலெட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“எம் மருமக வயித்தப் பூட்டிட்டியேடி.”

“ஆமா, பூட்டிட்டேன். இனிமே ஏன் புள்ள பெறலன்னு அவள ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கக் கூடாது. கேக்கிறதுன்னா எங்கிட்ட வந்து கேளுங்க.”

பாக்கியலெட்சுமி இரண்டு கையாலும் மண்ணை வாரி வீசினாள். இனி இவள் நிழல்கூட என் வாசலில் விழக் கூடாது, குழந்தையை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது என்றாள். மற்றவர்களும் அவரவர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு விலகினார்கள். தலையில் விழுந்த மண்ணை மரியகொரட்டி தட்டிவிடவில்லை. கடைசி ஆள் போகும்வரை வாசலிலேயே நின்றாள்.

உள்ளே வந்ததும், உண்மையாகவே விழுங்கினாயா என்று யாகோப்பு கேட்டான். அவன் குரலில் கோபத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது.

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழத் தொடங்கியது. குளிப்பாட்டும் நேரம். இவள் அடுப்பில் ஏற்கெனவே வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைத்தாள். போகவில்லை.

பத்து நாளைக்கு முன், ஆஸ்பத்திரியில் சிவசக்திக்குத் துணையாக நின்றவள் இவள்தான். இன்னொரு பிள்ளை உண்டானால் தாய் பிழைக்க மாட்டாள், கருத்தடை செய்துவிடலாம் என்று டொக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தாள். அதெல்லாம் நடக்காது, எனக்கு ஆண்பிள்ளை வேண்டும் என்று தயாபரன் போனில் கத்தியதும் இவளுக்குக் கேட்டது.

பிள்ளையை எடுக்கும்போதே கருக்குழாயையும் கட்டிவிடுங்கள் என்று, புருஷனுக்குச் சொல்லாமல், சிவசக்தி கையெழுத்துப் போட்டாள்.

தாள் நழுவாமல் மரியகொரட்டிதான் பிடித்துக்கொண்டாள்.