வாய்க்கட்டு

வலது கால் பெருவிரல் விண்விண்ணென்று தெறித்தது. அப்புசாமி இடது காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு கிணற்று மேட்டில் நின்றான். வலிக்கு ஒரு முனகல்கூட அவனிடமிருந்து வரவில்லை. இன்றைக்கு முப்பத்தோராவது நாள்.

கோபி பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்தும் வேலை. அவன் தங்கை புருஷன் நஞ்சுண்டன் அடியில் நின்று உடைத்த பாறையைப் பக்கெட்டில் நிரப்புவான், கிரேன் மேலே தூக்கும். கிரேன்காரனுக்குத் "தூக்கு", அடியில் இருப்பவனுக்கு "ஒதுங்கு" என்று கத்துவதுதான் அப்புசாமியின் வேலை. அறுபதடி ஆழத்துக்கும் கேட்கிற வாய். வேலை இல்லாத நேரத்தில் ஊரையே வைது தீர்க்கிற வாயும் அதுதான்.

விரலில் இரண்டு மாதமாக ஆறாத புண். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் விரலை எடுக்க வேண்டும், விட்டால் காலே போகும் என்றார்கள். டாக்டர் அதற்குப் பிறகும் என்னென்னவோ சொன்னார். எதுவும் அவன் காதில் ஏறவில்லை. கால் போனால் சோறு போகும், அவ்வளவுதான் தெரிந்தது.

கொடுமுடி ஆற்றங்கரைச் சாமியாரிடம் தனியாகப் போய் விழுந்தான். சாமியார் காலில் சுற்றிய துணியை அவிழ்க்கச் சொல்லிப் புண்ணைப் பார்த்தார். அவன் வைத்த மைசூர்பாகுப் பெட்டியை ஓரமாகத் தள்ளினார்.

"ஒரு மண்டலம் வாயைக் கட்டு கண்ணு. கஷ்டந்தான். கட்டிப்போட்டீன்னா காலு தப்பிக்கும்."

தன் வாயைப் பற்றி இவருக்கு யார் சொன்னது? அப்புசாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. காவிரியில் முழுக்குப் போட்டு எழுந்தவன்தான், அதன் பிறகு ஒரு சொல் பேசவில்லை. சாமி வாக்கு, ஒரு மண்டலம் என்பதை வீட்டாருக்கும் சைகையிலேயே புரியவைத்தான்.

கத்துவதற்குப் பதிலாகக் கிணற்று மேட்டில் ஒரு காலி டிரம்மைப் போட்டுக்கொண்டான். கம்பியால் ஓரடி அடித்தால் தூக்கு, ஈரடி அடித்தால் ஒதுங்கு. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அன்று காலை டீ குடிக்கும்போது நஞ்சுண்டன் சீண்டினான். "ஏனுங்க மச்சான், ஊரே நிம்மதியாத் தூங்குதுங்க. ஒரு மண்டலத்த ரெண்டா நீட்டிக்கலாமுங்களா?"

அப்புசாமி கம்பியை ஓங்கிக் காட்டினான். நஞ்சுண்டன் சிரித்துக்கொண்டே தன் ஜிலேபியையும் அவன் கையில் வைத்தான். "பேசாத வாய்க்கு இதாவது கெடைக்கட்டும், தின்னுங்க."

பதினோரு மணி இருக்கும். பக்கெட் பாதிக் கிணறு ஏறியபோது, அதன் விளிம்பில் இருந்த தலையளவு கல் ஒன்று சாய்வதை அப்புசாமி பார்த்தான். நேர் கீழே நஞ்சுண்டன் குனிந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டிருந்தான். கம்பி நாலெட்டுத் தள்ளி டிரம்மில் சாய்ந்திருந்தது.

"ஒதுங்கு" தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் பதினேழு நாள்தான். பல்லைக் கடித்து அதை விழுங்கிவிட்டு நொண்டிக்கொண்டே டிரம்முக்கு ஓடினான்.

ஓரடி அடித்தான். இரண்டாவது அடிக்குள் கல் இறங்கிவிட்டது.

எழவு வீட்டில் தங்கை பொற்கொடி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "மேல நின்னுட்டுத்தானே இருந்தே? ஏண்ணா, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

அப்புசாமி தலையைக் குனிந்துகொண்டான். கண்ணீர் வந்தது, வாய் திறக்கவில்லை. பந்தலில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். "என்ன வைராக்கியம் பாரு. இந்த நெலமைலயும் சாமி வாக்க மீறலையே."

நாற்பத்தெட்டாம் நாள் முடிந்த மறுநாள், மனைவி நாச்சியம்மாள் அவனைக் கைத்தாங்கலாகக் கொடுமுடிக்குக் கூட்டிப்போனாள். முதல் பேச்சு சாமியிடம்தான் என்று அவன் சைகையில் சொல்லியிருந்தான். புண்ணின் கருப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது.

சாமியார் காலைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "ஏம்மா, இவன் வாயக் கட்டவே இல்லியா?"

நாச்சியம்மாளுக்குச் சுருக்கென்றது. "என்னங்க சாமி இப்படிக் கேட்டுப்போட்டீங்க. தங்கச்சி மாப்பிள்ளை எழவுலகூட வாயத் தொறக்கலீங்க. நாப்பத்தெட்டு நாளும் ஒத்த வார்த்தை பேசலீங்க."

"பேசலியா?" சாமியார் அவளைப் பார்த்தார், பிறகு விரதம் முடித்த காணிக்கையாக அவள் கையில் இருந்த மைசூர்பாகுப் பெட்டியைப் பார்த்தார். "இது சக்கரைப் புண்ணு அம்மணி. நான் சொன்னது திங்கற வாய."

படித்துறையில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புசாமியின் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. அறுபதடிக்குக் கேட்ட குரல், பக்கத்தில் நின்றவளுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"எம் மாப்பிள்ளைக்கு ஒரு சத்தம் பாக்கி நிக்குதுங்க, சாமி."