நோயின் தன்மை: முன்னேற்றம்

அந்தச் சொல்லை அவள் மூன்றாவது முறையாகப் படித்தாள்.

கவுன்ட்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து கிளார்க் கோப்பைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் விண்ணப்பம். பெயர்: பூங்காவனம். நோயின் தன்மை: முன்னேற்றம்.

நீல மை. குண்டுகுண்டாக, அழகான கையெழுத்து.

இதனால்தான் அந்தக் கடிதம் வந்திருக்கிறது.

வேகமாக முற்றும் நோய்க்காரர்களைக் காக்கவைக்காமல் உதவித்தொகை கொடுக்க ஒரு தனிப் பிரிவு. உடனடிப் பிரிவு. 'மனுதாரரின் உடல்நிலையில் முன்னேற்றம் இருப்பதால் அப்பிரிவில் சேர்க்க இயலாது. பொது வரிசையில் பரிசீலிக்கப்படும்.'

பொது வரிசை என்றால் இரண்டு வருடம்.

அம்மாவுக்கு டாக்டர் இரண்டு வருடம் சொல்லவில்லை.

கடிதம் வந்த அன்று அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் வருகிற கோபம். அன்று வரவில்லை. எது முன்னேறியது என்று தெரிந்துகொள்ளத்தான் தோன்றியது. எந்த விரல்? யார் பார்த்தார்கள்?

அம்மாவுக்கு அவளைவிட ஆவல்.

"இன்னாடி முன்னேறிச்சாம்?"

குழறலாகத்தான் வந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

நான்கு நாளாக அம்மா விடிந்ததும் இடது கையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். போன தீபாவளிக்கே செத்துப்போன கை. விரல்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கிறாள், யாரோ வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல. நேற்று சுண்டுவிரல் அசைந்தது என்று அடித்துச் சொன்னாள்.

அசையவில்லை. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இத யார் சார் எழுதுனது?"

"நான்தாம்மா. டாக்டர் சர்டிபிகேட்டப் பாத்துதான் எழுதுனேன்." விரலை வைத்துக் காட்டினார். இங்கிலீஷில் ஒரு சொல். புரொகிரஸிவ். "புரொகிரஸ்னா முன்னேற்றம்தானே? ஸ்கூல்ல நீ புரொகிரஸ் ரிப்போர்ட் வாங்குனதில்லையா?"

வாங்கியிருக்கிறாள்.

மூன்றாம் வகுப்பில் அம்மா அதில் கைநாட்டு வைத்தாள். டீச்சர் அதை வகுப்புக்கே தூக்கிக் காட்டினாள். இனி கட்டைவிரல் வைத்தால் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அன்றைக்குச் சாயங்காலம் அவள் தெருவே கேட்கக் கத்தினாள். அடுத்த ரிப்போர்ட் வருவதற்குள் அம்மா ஆறு எழுத்து கற்றுக்கொண்டாள். மற்ற எழுத்துகள் பிறகு ஒவ்வொன்றாக வந்தன.

"முன்னேறுறது அவங்க இல்ல சார். வியாதி."

கிளார்க் அவளைப் பார்த்தார். செல்போனை எடுத்து அந்தச் சொல்லைத் தட்டினார். படித்தார். மேலே தள்ளி, மறுபடி படித்தார்.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "இந்த மாதிரி எத்தன ஃபைல்ல எழுதி வச்சிருக்கீங்க அண்ணே?"

அவர் பின்னால் இருந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

ஸ்கேல் வைத்து அந்தச் சொல்லை அடித்தார். மேலே 'முற்றிவரும் நோய்' என்று எழுதினார்.

"அடிச்ச எடத்துல மனுதாரர் கையெழுத்துப் போடணும். இன்னிக்கே உடனடியில ஏத்திடுறேன்." கொஞ்சம் தயங்கி மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டார். "முடியலன்னா ரேகை போதும்."

அம்மா கீழே ஆட்டோவில் இருந்தாள். சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று கட்டிய சாய்தளத்தில் ஆறு பைக்குகள் நின்றன. மாற்றுத்திறனாளிகள் அலுவலகம். அவளோடு இறங்கி வருகிற வழியில் கிளார்க் அதில் ஒன்றை ஓரமாக உருட்டி நிறுத்தினார். சாவி அவர் பையில்தான் இருந்தது.

அம்மா மைப்பெட்டியைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

வலது கையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் அம்மாவின் விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகினாள். முழங்கையை ஒரு கையால் தாங்கினாள். இன்னொரு கையால் கோப்பைப் பிடித்துக்கொண்டாள், அடித்த இடம் தன் உள்ளங்கைக்குக் கீழே மறையும்படி.

"கைய எடு," என்றாள் அம்மா.

எடுத்தாள்.

கோட்டுக்கு அடியில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. அம்மாவின் உதடு அசைந்தது. மு. ன். னே.

முழுக்கப் படித்தாள். பிறகு தன் சுண்டுவிரலைப் பார்த்தாள்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேனா கிளம்பியது. பூ பெரிதாக வந்தது. ங் கீழே இறங்கிவிட்டது. கா-வுக்கும் வ-வுக்கும் நடுவில் மூச்சு வாங்க நேரம் ஆனது. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார். ன. ம.

புள்ளி ஒன்றுதான் பாக்கி.

அதற்காகத் தூக்கிய பேனா அங்கே இறங்கவில்லை. இடது பக்கமாகப் போனது. அடித்த சொல்லின் மேல் இறங்கி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் இன்னொரு கோடு இழுத்தது. மெதுவாக. கிட்டத்தட்ட நேராக.

"கை வழுக்கிடுச்சு போல," என்றார் கிளார்க். "பரவாயில்லம்மா."

அம்மா திரும்பி வந்து புள்ளியை வைத்தாள்.